விலக்கிலிருந்து பொது அனுமதிக்கு: அமெரிக்கத் தொழிற்சாலை மழைநீர் விதிகளின் வளர்ச்சி (1972–2021)

முன்னுரை

ஆலைக் கழிவுநீர் குழாய் வழியே வெளியேறுகிறது. அதன் அளவும் நேரமும் ஆலையின் கையில் இருக்கின்றன. மழைநீர் அப்படியல்ல. முற்றத்தில் குவித்த பழைய இரும்பு, கூரைத் தகட்டின் துத்தநாகப் பூச்சு, லாரிகள் சிந்திய எண்ணெய் என எதிர்ப்பட்டதையெல்லாம் கழுவிக்கொண்டு அது ஆற்றில் சேர்கிறது. அமெரிக்கச் சட்டம் இந்த நீரை எவ்வாறு அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிர்வாக வசதிக்காக அனுமதி எளிமையாக்கப்பட்டது. அந்த எளிமைக்கு ஈடாக வலுப்பட்டிருக்க வேண்டிய அளவீடு பின்தங்கியது என்பதே இதன் வாதம்.

விலக்கும் வழக்கும்

1972 அக்டோபரில், அதிபர் நிக்சனின் வீட்டோவை மீறிக் காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. குழாய், கால்வாய் போன்ற குறிப்பிட்ட வழிகளில் மாசுப்பொருளை நீர்நிலையில் விட அனுமதி கட்டாயமாயிற்று. ஆனால் மறு ஆண்டே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சில விலக்குகளை அறிவித்தது. தொழிலாலும் வணிகத்தாலும் மாசுபடாத மழைநீரை மட்டும் கொண்டுசெல்லும் வடிகால்களும், சில வகை வேளாண்மை, காட்டுத்தொழில் வெளியேற்றங்களும் அவற்றுள் அடங்கும். எண்ணிலடங்கா வடிகால்களுக்குத் தனித்தனி அனுமதி எழுத ஆளும் நேரமும் இல்லை என்பது முகமையின் வாதம்.

இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இந்த விலக்குகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1975இல் மாவட்ட நீதிமன்றமும் 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முகமைக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. சட்டம் தராத விலக்கை முகமை தர இயலாது. அதே வேளையில், ஒரே தன்மை கொண்ட பலருக்கும் சேர்த்துப் பொது அனுமதி வழங்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டியது. இன்றைய முறை முழுவதும் இந்த வழிகாட்டலிலிருந்து வளர்ந்ததே.

சான்றும் புதிய பிரிவும்

1978 முதல் 1983 வரை நாட்டின் 28 இடங்களில் நகர மழைநீர் ஆய்வுத் திட்டம் நடந்தது. செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் நகர ஓடுநீரில் பரவலாகக் கலந்திருப்பதை அது காட்டியது. மழைநீர் தானே தூய்மையானது என்ற எண்ணம் இதன் பின் நிற்கவில்லை.

1987 பிப்ரவரியில், இம்முறை ரீகனின் வீட்டோவை மீறி, சட்டத்தில் 402(p) பிரிவு சேர்க்கப்பட்டது. இது இரு அளவுகோல்களை வகுத்தது. நகராட்சி வடிகால்கள் நடைமுறையில் இயன்ற உச்ச அளவுக்கு மாசைக் குறைத்தால் போதும். தொழில் நடவடிக்கை சார்ந்த மழைநீரோ, ஏனைய தொழிற்கழிவைப் போலவே சட்டத்தின் எல்லாத் தரங்களுக்கும் உட்பட வேண்டும். ஆக, சட்டத்தின் சொற்களில் தொழிற்சாலைக்குத் தளர்வு இல்லை.

பதினொரு வகைகள்

1990 நவம்பர் 16இல் வெளியான விதி, தொழில் நடவடிக்கையை 11 வகைகளாகப் பிரித்தது. கனரகத் தொழில், சுரங்கம், குப்பைக் கிடங்கு, பழைய உலோக வணிகம், போக்குவரத்துப் பணிமனை, 5 ஏக்கரிலோ அதற்கு மேலோ நடக்கும் கட்டுமானம் முதலியன இவற்றுள் இடம்பெற்றன. சரக்கும் எந்திரமும் மழையில் நனையாத இலகுரகத் தொழில்களுக்கும் சிறு கட்டுமானங்களுக்கும் தரப்பட்ட விலக்கை 1992இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இதன் விளைவாக, 1999 விதி கட்டுமான எல்லையை 1 ஏக்கருக்குக் குறைத்தது. மழை படாத நிலையங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுத்தில் உறுதியளித்தால் அனுமதி தேவையில்லை என்ற ஏற்பாடும் அதில் வந்தது. கட்டுமானத்துக்கு மட்டும் இச்சலுகை இல்லை.

1995இல் பல்துறைப் பொது அனுமதி பிறந்தது. முகமையே நேரடியாக அனுமதி வழங்கும் இடங்களில் இது செல்லும். பெரும்பாலான மாநிலங்கள் தமக்கெனப் பொது அனுமதி வைத்துள்ளன. பல்துறை அனுமதியின்கீழ் வர விரும்பும் நிறுவனம் விருப்ப அறிவிப்புத் தந்து, மாசுத் தடுப்புத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். கூரை வேய்தல், சிந்தியதை உடனே அகற்றுதல், மண்ணரிப்பைத் தடுத்தல் ஆகியவை அத்திட்டத்தின் அடிப்படை.

அளவீட்டின் நிலை

இந்த அனுமதியின்கீழ் வரும் நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை மழைநீரை ஒளிபுகும் கலத்தில் பிடித்து, நிறம், மணம், நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில துறைகளுக்கு, முடிவை ஓர் ஒப்பீட்டு அளவோடு வைத்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனையும் உண்டு. தொங்குநிலைத் திண்மங்களுக்கான ஒப்பீட்டு அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராம். இதைத் தாண்டுவது மட்டுமே விதிமீறல் ஆகாது. தாண்டிய பின் திருத்த நடவடிக்கை எடுக்காததே மீறல்.

நிறுவனங்களே எடுக்கும் சில மாதிரிகளைக் கொண்டு ஆற்றில் சேரும் மாசை மதிப்பிட முடியாது என்பதை 2008இல் தேசிய ஆய்வுக் கழகம் சுட்டிக்காட்டியது. 2019இல் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, கார அமிலத் தன்மை, தொங்குநிலைத் திண்மம், வேதி ஆக்சிஜன் தேவை ஆகிய மூன்றையும் எல்லாத் துறைகளும் அளக்கப் பரிந்துரைத்தது. 2021 அனுமதி, மேற்சொன்ன ஆய்வக ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படாத பிரிவுகளையும் இம்மூன்றையும் அளக்கச் சொன்னது. எனினும் அவற்றுக்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை. முடிவை அறிவித்தால் போதும்.

முடிவுரை

1987இல் காங்கிரஸும், இரு வழக்குகளில் நீதிமன்றங்களும் விலக்கின் எல்லையைச் சுருக்கின. பொது அனுமதி இல்லாமல் இத்தனை தொழிலகங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அளந்த முடிவை அறிவிப்பதோடு கடமை முடியுமானால், நீதிமன்றம் மறுத்த விலக்கு தாள் வடிவில் திரும்பிவிடும். அறிவிப்புக்காக அளக்கும் எண்களுக்கு எல்லை வகுப்பதும், எல்லை தாண்டினால் கூரையோ சுத்திகரிப்போ கட்டாயம் என்று விதிப்பதும் அடுத்த அனுமதியின் முதற்பணியாக வேண்டும்.