அரியணை கேட்டு வந்த பாதிரியார்

நார்வேயில் 1130 முதல் 1240 வரை அரியணை யாருக்கு என்பதை வாள்தான் தீர்மானித்தது. மன்னரின் மகன் என்றால் போதும். மணந்த மனைவிக்குப் பிறந்தவரா என்று கேட்பதில்லை. உரிமை கோரி வந்தவர்களுக்கா பஞ்சம்? ஹரால்ட் கில்லே என்பவர் பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழுக்களின் மீது நடந்து காட்டித் தம்மை மன்னர் மகன் என மெய்ப்பித்தாராம்!

அந்த ஹரால்டின் மகனான மன்னர் சிகுர்டே தம் தந்தை என்று சொல்லிக்கொண்டு 1176இல் பாரோ தீவுகளிலிருந்து வந்தார் ஸ்வெர்ரே. தொழிலோ பாதிரியார். ஆதாரமோ தாய் குன்ஹில்டின் வாய்ச்சொல்.

மறுவருடமே, தலைவனைப் போரில் பறிகொடுத்த கிளர்ச்சிக் கூட்டம் ஒன்று அவரைத் தலைவராக ஏற்றது. வறுமையால் கால்களில் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டவர்கள் அவர்கள். ஏளனமாக வைத்த 'பிர்ச் கால்கள்' என்ற பெயரே வரலாற்றில் நிலைத்தது. அந்தப் படைதான் 1184இல் பிம்ரைட்டே கடற்போரில் முடிசூடிய மன்னர் மாக்னுசை வீழ்த்தியது.

சரி, ஸ்வெர்ரே உண்மையிலேயே மன்னர் மகனா? கணக்குப் போட்டால் இடிக்கிறது. பாதிரியாராக 30 வயது நிரம்ப வேண்டும் என்பது திருச்சபை விதி. விதி மீறப்படவில்லை என்றால் அவர் பிறந்தது 1146இல் அல்லது அதற்கும் முன்பு. சிகுர்ட் பிறந்ததோ 1133இல். பதின்மூன்று வயதுத் தந்தையா?

அவரது கதையைச் சொல்லும் 'ஸ்வெர்ரே சாகா' நூலும் நடுநிலையானதல்ல. ஐஸ்லாந்தின் மடத்துத் தலைவர் கார்ல் யோன்சன் அதை எழுதத் தொடங்கியபோது, எதை எழுதுவது என்று பக்கத்தில் அமர்ந்து சொன்னவரே ஸ்வெர்ரேதான்!

ஆனாலும் முழுக்கப் புனைகதை என்று தள்ளிவிட முடியாது. 1197இல் எதிரிகளான பாக்லர் படையினர் அவரது கோட்டையைப் பிடித்து, ஒரு பிணத்தைக் கிணற்றில் வீசிக் கற்களால் மூடினர் என்கிறது அந்நூலின் பிற்பகுதி. 1938இல் அதே கிணற்றில் எலும்புக்கூடு தென்பட்டது. 2014லும் 2016லும் தோண்டி எடுத்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி, நீலக் கண்களைக் கொண்ட அந்த ஆடவரின் மூதாதையர் தென்நார்வேயைச் சேர்ந்தவர்கள். பாக்லர் படையின் செல்வாக்கும் தெற்கில்தான். வீசப்பட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்ற வாதம் இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது.

தாய் சொன்னதையும் இப்படிச் சோதிக்கலாமே என்று தோன்றும். 1202இல் காலமான ஸ்வெர்ரேயை அடக்கம் செய்த பேர்கன் நகரக் கிறிஸ்து ஆலயம் 1531இல் இடிக்கப்பட்டது. கல்லறையும் அதோடு போயிற்று.