வார்த்தகடும் வில்லையும்: சேலம், நாமக்கல் சமவெளிப் பித்தளைச் சான்றுகள்

படைவீரர் தோளிலும் இடையிலும் அணிந்த வாரினைப் பூட்டி நின்ற உலோகத்தகடு, அவர் சார்ந்த படைப்பிரிவின் எண்ணையும் சின்னத்தையும் தாங்கியிருப்பது. தாள் அழிந்த விடத்தும் பித்தளை நிலைக்கும். ஆதலின் இத்தகடுகள் வரலாற்றுச் சான்றாகும் தகுதியுடையன. ஆயினும் இவற்றைத் திரட்டுவார்க்கு எளிதில் நேரும் பிழை ஒன்றுண்டு. எழுத்துப் பொறித்த பழந்தகடு அனைத்தையும் படைத்தகடு எனக் கொள்வதே அது. சேலம், நாமக்கல் சமவெளியில் இப்பிழை நேர்தற்கு வரலாறே இடந்தருகின்றது.

1768 இல், முதல் மைசூர்ப் போரின்போது, கும்பினிப்படை இப்பகுதிக் கோட்டைகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஐதர் அலி அவற்றை மீட்கலானார். 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கும்பினியின் வசமாயின. முதல் ஆட்சித்தலைவர் அலெக்சாந்தர் ரீடு. அவர்க்கு உதவியாளராய் 1799 வரை பணிபுரிந்தவர் தாமசு மன்றோ. இருவரும் படை அலுவலர். ஏற்ற பணியோ நிலமளந்து வரி வகுத்தல். வாளும் வரிக்கணக்கும் இங்கு ஒரே கையில் இருந்தன. படைப்பழக்கங்கள் ஆட்சி அலுவலகத்துட் புகுந்ததற்கு வேறு சான்றும் உண்டு. குதிரைப்படையின் சிறுபதவிப் பெயராகிய 'தபேதார்' என்பது பின்னர் ஆட்சியர் அலுவலகப் பணியாளர்க்கு வழங்கலாயிற்று.

இனி, படைத்தகட்டின் இயல்பினைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்பின் குறுக்கே செல்லும் தோள்வாரில் நீள்வட்டமாகவோ நாற்கோணமாகவோ அமைந்த தகட்டை அணியும் வழக்கம் பரவிற்று. வாரில் மாட்டுதற்குரிய குமிழும் கொக்கியும் அதன் பின்புறத்தே அமைந்திருக்கும். பிரித்தானியப் படையில் 1855 இல் உடை மாறியபோது இவ்வழக்கம் ஒழிந்தது. இடைவாரின் தகடும் கொளுவியுமே நிலைத்தன. ஆகவே, தகட்டின் முகத்தைக் காணுமுன் முதுகைக் காண்டல் வேண்டும்.

அடுத்து நோக்கற்குரியவை சின்னமும் எண்ணும். முடியேந்திய சிங்கம் கும்பினியின் சின்னம். 1858 இல் ஆட்சி அரசியிடம் சென்றபின் முடியும் அரசர் பெயரின் முதலெழுத்துகளும் அதனிடத்தைப் பெற்றன. விக்டோரியா காலத்து முடியின் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். 1901 க்குப் பின் வந்த முடியில் அவை உயர்ந்து வளையும். யானைச் சின்னம் 1803 இல் நிகழ்ந்த அசாயிப் போரின் நினைவாகச் சில படைப்பிரிவுகட்கு வழங்கப்பெற்றது. எண்ணை மட்டும் நம்புதல் தகாது. சென்னைக் காலாட்படையின் பிரிவுகள் 1824 இல் புதிய எண்களைப் பெற்றன. 1903 இல் பழைய எண்ணுடன் 60 கூட்டப்பெற்றது. மூன்றாம் பிரிவு 63 ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையாயிற்று. 23 ஆம் பிரிவு 83 ஆம் வாலாசாபாத்து இலகு காலாட்படையாயிற்று. எனவே காலம் துணியாது எண்ணைப் படித்தல் ஒரு படையின் புகழை மற்றொன்றிற்கு ஏற்றுவதாய் முடியும்.

வில்லை இதனின் வேறானது. அலுவலகச் சேவகர் டவாலியில் அணிந்த பித்தளைத் தகட்டையே மக்கள் வில்லை என்றனர். அதனை அணிந்தவர் வில்லைச் சேவகர் எனப்பட்டார். இதில் படைப்பிரிவின் பெயர் இராது. அலுவலகத்தின் பெயரோ பதவியின் பெயரோ இருக்கும். ஆங்கிலத்துடன் தமிழெழுத்தும் காணப்படின் வில்லையெனக் கருதுதற்கு அது வலிய குறிப்பாகும். நாமக்கல் தனிமாவட்டமானது 1997 இல். ஆதலின் அவ்வூர்ப் பழைய வில்லையில் சேலம் மாவட்டத்தின் பெயர் நிற்றல் இயல்பே. வில்லையெனத் தெளிந்தால் மதிப்புக் குறைந்தது என எண்ணற்க. படைப்பிரிவு இடம்விட்டு இடம்பெயரும். அதன் தகடு எங்கிருந்தும் வந்திருக்கலாம். வில்லையோ தன் ஊரைத் தானே கூறும். நிலவரி ஆட்சி சிற்றூர்வரை சென்ற வழியை அறிய அதுவே சிறந்த சான்று.

போலிகளை அறிதலும் வேண்டும். பழந்தகட்டினின்று அச்செடுத்து வார்த்தது, உலோகம் ஆறுங்கால் சுருங்குதலால், மூலத்தினும் சற்றே சிறுத்திருக்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கி, பரப்பில் மணற்புள்ளிகள் தோன்றும். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் உண்மைத் தகட்டிற்கும் கேடு; உலோகத்தின் பழம்பரப்பும் நுண்கோடுகளும் அதனால் அழியும்.

யாவற்றினும் முதன்மையானது, பொருள் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தல். சங்ககிரிக் கோட்டையடிவாரத்தில் கிடைத்ததும் சேலத்துப் பழைய பித்தளைக் கடையில் எடைக்கு வாங்கியதும் ஒரே சான்றாகா. கோட்டைகளில் தோண்டித் தேடுதல் குற்றம். மண்ணிற் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ஆட்சியர்க்கு அறிவித்தல் 1878 ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் கடப்பாடு. சட்டத்திற்காக மட்டுமன்றி அறிவின் பொருட்டும் இது செய்யத்தக்கது. இத்தகடுகளை அணிந்த எளிய சிப்பாய்களும் சேவகர்களும் தம்மைப் பற்றி எழுதி வைத்திலர். எடைக்கு உருகும் ஒவ்வொரு தகட்டோடும் அவர்தம் வாழ்வின் ஒரு சுவடு மறைகின்றது. முகம், முதுகு, அளவு, எடை, கிடைத்த இடம் என்னும் ஐந்தையும் எழுதி வைப்பார், சிறிதாயினும் உண்மையானதொரு வரலாற்றுப் பணியைச் செய்தவராவர்.