ஆங்கில எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்றாகவும் ஒலிப்பது பிறிதொன்றாகவும் இருத்தல் அதனைக் கற்போர் யாவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடாகும். இதனைக் கற்பவரின் மந்தத்தன்மையாகக் கொள்வது பொருந்தாது. இம்முரண்பாட்டிற்குத் திட்டவட்டமான வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் இயைந்தே நின்றன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு மரபிற் பயின்ற எழுத்தர்கள் தமது வழக்கினை ஆங்கிலத்திற் புகுத்தினர். அரசியைக் குறிக்கும் ‘குயீன்’ என்னும் சொல்லின் முதலில் ‘கியூ’ என்னும் எழுத்து அமர்ந்தமை இதன் விளைவேயாகும்.

1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவினார். அச்சுத்தொழிலின் பரம்பல் எழுத்துக்கூட்டலைப் படிப்படியாக நிலைபெறச் செய்தது. ஆயின், ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்திலேயே ஆங்கில நெட்டுயிர்கள் பெருமாற்றம் அடைந்தன. முன்னர் ‘நாம’ என ஒலித்த சொல் ‘நேம்’ ஆயிற்று; ‘டீம’ என ஒலித்தது ‘டைம்’ ஆயிற்று. வீரனைக் குறிக்கும் ‘நைற்’ என்னும் சொல்லின் முதலில் ஒலித்த ககரமும் இடையில் ஒலித்த உரசொலியும் மறைந்தன. ஒலிகள் இவ்வாறு மாறியபோதும் அவற்றைக் குறித்த எழுத்துக்கள் அச்சில் நிலைத்துவிட்டன.

அறிஞர்களும் இக்குழப்பத்தை மிகுவித்தனர். கடனைக் குறிக்கும் ‘டெற்’ என்னும் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ என்னும் எழுத்து இருக்கவில்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்டும் பொருட்டே அது பின்னர் செருகப்பட்டது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்பதோ இலத்தீனுடன் தொடர்பற்ற தூய ஆங்கிலச் சொல். வேறொரு சொல்லுடன் மயங்கி, ஒருபோதும் ஒலிக்காத ‘எஸ்’ அதில் நுழைக்கப்பட்டது.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி இவ்வடிவங்களுக்கு அதிகாரம் அளித்தது. 1828இல் வெளிவந்த அகராதியின் மூலம் நோவா வெப்ஸ்ரர் அமெரிக்காவிற் சில சொற்களை எளிமையாக்கினார். 1950இற் காலமான பேர்னாட் ஷோ புதிய நெடுங்கணக்கொன்றிற்காகத் தமது மரணசாசனத்திற் பணம் ஒதுக்கினார். அந்நெடுங்கணக்கு உருவாக்கப்பட்டும் வழக்கிற்கு வரவில்லை. நாட்டுக்கு நாடு உச்சரிப்பு வேறுபடும் ஒரு மொழியில், யாருடைய ஒலிக்கேற்ப எழுதுவது என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று.

எனவே பழைய எழுத்துக்கூட்டலே நிலைக்கின்றது. அதனைக் கற்றேயாகவும் வேண்டும். எனினும் ‘டெற்’ என்பதைப் ‘பி’ இன்றி எழுதும் மாணவனுக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர், மத்தியகால ஆங்கிலேயரும் அவ்வாறே எழுதினர் என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று. அவன் பிழையென எழுதியது ஒருகாலத்திற் சரியாக இருந்தது.