விம் தொகுப்பியில் பாப்-அப் சாளரம்

பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய வீஐ உரைத்தொகுப்பியில் திரை முழுவதும் கோப்பின் வரிகளுக்கே. அறிவிப்புகள் கடைசி வரியில் மட்டும் தோன்றும். வீஐயின் வழியில் பிராம் மூலனார் 1991இல் அமிகா கணினிக்கு வெளியிட்ட விம், திரையைப் பிரிக்கும் வசதியைப் பின்னர் பெற்றது. ஆனால் புதிதாகப் பிரியும் ஒவ்வொரு சாளரமும் மற்றவற்றின் இடத்தைப் பறித்தது. 2006இல் வந்த விம் 7, சொற்பரிந்துரைப் பட்டியலை எழுத்துகளின் மேலேயே விரித்துக் காட்டியது. எனினும் செருகுநிரல் எழுதுவோரால் அதைப் பிற தேவைகளுக்குப் பயன்படுத்த இயலவில்லை.

நிரல்மொழி பற்றிய தகவல்களைத் தொகுப்பிக்கு அளிக்க மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை பரவியதும், பிழைச்செய்தியையும் செயற்கூறு விளக்கத்தையும் உரிய வரிக்கருகே காட்டும் தேவை பெருகியது. 2019 செப்டம்பரில் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 0.4 மிதக்கும் சாளரத்தையும், டிசம்பரில் விம் 8.2 பாப்-அப் சாளரத்தையும் கொண்டுவந்தன.

விம்மில் காட்டவேண்டிய உரையையும், வரி, நிரல், கரை, அடுக்கு எண் போன்ற விருப்பங்களையும் 'பாப்-அப்_கிரியேட்' செயற்கூறிடம் கொடுத்தால் சாளரம் தோன்றும். அடுக்கு எண்ணைக் குறிப்பிடாவிட்டால் 50. எண் கூடிய சாளரம் மேலே நிற்கும். கர்சர் நகர்ந்ததும் மூடிக்கொள்ளவும், குறித்த நேரத்தில் மறையவும் சொல்லலாம். அறிவிப்புச் சாளரம் 3 விநாடிகளில் தானே மறைகிறது. வடிகட்டிச் செயற்கூறு ஒன்றை இணைத்தால், அழுத்தப்படும் விசை முதலில் அதனிடம் செல்லும். பட்டியலில் தேர்வு செய்வது இவ்வாறே நடக்கிறது.

நியோவிம்மின் மிதக்கும் சாளரத்துக்குள் கர்சரைக் கொண்டுசென்று எழுதலாம். விம்மின் பாப்-அப் சாளரத்துக்குள் அவ்வாறு செல்ல இயலாது; முனையம் இயங்கும் பாப்-அப் சாளரத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு.