தண்டனை என்று சொல்லும் எண்ணம்



"என் பாவத்துக்குத்தான் இந்தத் துன்பம்", "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்", "நான் இருந்து என்ன பயன்?" இப்படிப்பட்ட எண்ணங்கள் நம்மில் பலருக்கும் வருவதுண்டு. இவை வந்ததையே பாவமாக எண்ணி, ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்லி அழுகிறவர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அறிந்து, மனம் இசைந்து செய்வதுதான் பாவம் என்பது திருச்சபையின் போதனை. தானாக மனத்தில் நுழையும் எண்ணம் பாவமல்ல. அந்த எண்ணத்தை இறைவனின் குரல் என்று நாம் நம்பிவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிட முடியாது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். இப்படிப்பட்ட சாவு நடந்த வீட்டில் இரண்டு எண்ணங்கள் நெடுநாள் தங்கிவிடும். "அன்று நான் தடுத்திருந்தால்" என்பது ஒன்று. "இது கடவுள் கொடுத்த தண்டனை" என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான் விதைக்கிறார்கள். குடித்தவர்தானே என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம்.

இதே கேள்வி இயேசுவின் காலத்திலும் எழுந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படி அல்ல என்று ஆண்டவரே பதில் சொல்கிறார் (லூக்கா 13:4-5). மனம் மாறும்படி அவர் அழைத்தது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை; இறந்தவர்களின் பாவத்தை அவர் அளக்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அதே கணக்கை மறுத்தார் (யோவான் 9:2-3). ஆகவே, "தண்டனை" என்று சொல்லும் எண்ணத்துக்கு நற்செய்தியிலேயே பதில் இருக்கிறது.

நம் தமிழகத் திருச்சபையில் இதற்குத் தெளிவான சான்று புனித தேவசகாயம். 1712ல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன், குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தார். 1741ல் குளச்சல் போருக்குப்பின் சிறைப்பட்டு, பிறகு அதே அரசின் படையில் பொறுப்பேற்ற, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவரிடம் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். கடவுள் உன்னைத் தண்டிக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. குற்றமற்ற ஒருவரும் எல்லாவற்றையும் இழக்க நேரிடலாம், அப்போதும் கடவுளோடு பேசலாம் என்று அவருக்கு எடுத்துக் காட்டினார். 1745ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இழப்பு நின்றதால் வந்த நம்பிக்கை அல்ல அவருடையது. திருமுழுக்குக்குப் பிறகு அவர் பட்டதே அதிகம்.

யோபுவின் நூலில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, அவருடைய நண்பர்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:13). அவர்கள் செய்ததில் நல்லது அந்த ஏழு நாள்தான். வாய் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். யோபு அழுதார், வாதாடினார், பிறந்த நாளையே சபித்தார். இறுதியில் ஆண்டவர் சினம் கொண்டது யோபுவின் புலம்பலுக்காக அல்ல, தம்மைப்பற்றிச் சரியாகப் பேசாத அந்த நண்பர்கள்மீது (யோபு 42:7). துக்கவீட்டுக்குப் போகும் நம் அன்பியத்தார் அனைவரும் ஒருமுறை வாசிக்க வேண்டிய பகுதி இது.

வந்த எண்ணத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இதற்கென்றே ஒரு நூல் தொகுத்தார். மனத்தைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். வருத்தமும் மனச்சோர்வும் அவற்றில் இரண்டு. ஒவ்வோர் எண்ணத்தையும் சொல்லி, அதற்கு எதிராக ஒரு விவிலிய வசனத்தை வைத்தார். பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மறைநூல் வார்த்தையால் பதில் சொன்னதே அவருக்கு முன்மாதிரி. நாமும் செய்யலாம். அடிக்கடி வரும் எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, அதன் எதிரே பொருத்தமான வசனத்தை எழுதி, எண்ணம் வரும்போது வாய்விட்டுச் சொல்லலாம். எண்ணத்தோடு மணிக்கணக்கில் வாதாட வேண்டியதில்லை.

ஆனால் வசனம் மட்டும் போதாத நேரமும் உண்டு. சாக விரும்பிச் செடியடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் தூங்கினார். இரண்டாம் முறையும் உணவு வந்தது. அதன்பிறகே பயணம் (1 அரசர்கள் 19:4-8). பட்டினியும் தூக்கமின்மையும் மனத்தை எப்படி இருட்டாக்கும் என்பது கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. புனித இஞ்ஞாசியாரும் 1522ல் மன்ரேசாவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தால் சோதிக்கப்பட்டார். பின்னாளில் அவர் தந்த விதி எளிமையானது: மனம் இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது. கடன், பிரிவு, வேலை எதுவானாலும் அந்த இரவில் தீர்மானிக்க வேண்டாம்.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, சாவைப்பற்றிய ஓயாத நினைவு இருந்தால் அது நோயாக இருக்கலாம். செபம் குறைந்ததால் வந்தது என்று யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று நாம் சொல்வதில்லையே. கல்வராயன் மலைக் கிராமங்களில் இருந்து மருத்துவரைப் பார்க்க இறங்கி வருவது எளிதல்ல. அதற்காகவே 14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர் தயங்கினால் உடன் இருப்பவர் அழைக்கலாம். "சாகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

தற்கொலையில் உறவுகளை இழந்த சில குடும்பங்கள், அவர்களுக்காகத் திருப்பலிக் கருத்து கொடுக்கலாமா என்று கேட்கவே கூசுகின்றன. தாராளமாகக் கொடுக்கலாம். உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக்குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் 1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2283ஆம் எண்ணில் கற்பிக்கிறது. பெயரைப் பங்குத்தந்தையிடம் எழுதிக் கொடுங்கள்.