இருளும் மனமும்

சூரியன் இரண்டு மாதத்திற்கு மேல் உதிக்காவிட்டால் நாம் என்ன ஆவோம்? இதை நேரில் அனுபவித்தவர்கள் 'பெல்ஜிகா' கப்பலின் மாலுமிகள். 1898 மார்ச்சில் அக்கப்பல் அன்டார்க்டிகாக் கடலின் உறைபனியில் சிக்கியது. மே மாத நடுவில் மறைந்த சூரியன் ஜூலைக் கடைசியில்தான் மீண்டும் தலைகாட்டியது. அந்த நெடிய இரவில் மாலுமிகள் உடல் வெளிறி, ஊக்கம் இழந்து, வாய் பேசாது கிடந்தனர்.

கப்பல் மருத்துவர் பிரெடரிக் குக், நலிந்தவர்களை எரியும் அடுப்பின் முன் நாள்தோறும் நிற்கவைத்தார். பெங்குவின், சீல் இறைச்சியையும் உண்ணச் செய்தார். பலர் தேறினர். ஸ்கர்வி நோயைத் தடுத்தது புதிய இறைச்சியிலிருந்த வைட்டமின் சி என்பதை இன்று நாம் அறிவோம். அடுப்பின் ஒளியோ சூரிய ஒளிக்கு ஈடாகாது. ஆயினும், இழந்த வெளிச்சத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற அவர் எண்ணம் பிற்காலத்தில் பலித்தது.

மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருளில் மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. 1958-இல் ஆரன் லெர்னர் இதைப் பிரித்தெடுத்தார். வலிமையான ஒளி மனிதரிடம் இச்சுரப்பைத் தடுக்கும் என்று 1980-இல் ஆல்பிரட் லூயி குழுவினர் காட்டினர். சாதாரண அறை விளக்கு அதற்குப் போதவில்லை!

தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் சென்ற மருத்துவர் நார்மன் ரோசென்தால், அங்குள்ள குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதை உணர்ந்தார். 1984-இல் அவரும் சகாக்களும் 29 நோயாளிகளைப் பற்றி எழுதினர். இவர்கள் குளிர்காலத்தில் மிகுதியாகத் தூங்கினர். மாவுப் பண்டங்களையும் இனிப்பையும் நாடினர். எதிலும் நாட்டமின்றி வாடினர். வசந்தம் வந்ததும் தெளிந்தனர். 'பருவகால மனச்சோர்வு' என்னும் நோய்க்கு இவ்வாறு ஒரு பெயர் கிடைத்தது.

காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டியின் முன் அமர்வது இதற்கு இன்று வழக்கமான சிகிச்சை. வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மெலடோனின் மட்டுமே காரணம் அன்று. காலை ஒளி நம் உடற்கடிகாரத்தையும் திருத்துகிறது. கண்ணின் விழித்திரையில் இதற்கெனத் தனி உயிரணுக்கள் உள்ளதை 2002-இல் கண்டறிந்தனர். கண்நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இச்சிகிச்சையை மேற்கொள்ளக் கூடாது.

வாசகர்களே! ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் ஒருவர் சோர்ந்துபோனால், அவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அவருக்குத் தேவை வசைமொழி அன்று, மருத்துவரின் உதவியே.