பேஸ் கிட்டார் ஆம்ப் வாங்கப் போறீங்களா? வாட்ஸுக்கு முன்னால் பார்க்கவேண்டியவை

பேஸ் கிட்டார் வாங்கியாச்சு. அடுத்து ஆம்ப்ளிஃபயர். கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எத்தனை வாட்ஸ்?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் வீவக வீட்டில் குடியிருந்து, வார இறுதியில் ஜேமிங் ஸ்டூடியோவில் வாசிப்பவருக்கு அது முதல் கேள்வி அல்ல. என்ன ஸ்பீக்கர், எத்தனை ஓம், எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள்... இதெல்லாம் முதலில். வாட்ஸ் அதற்கப்புறம்.

பேஸுக்குத் தனி ஆம்ப் எதற்கு?

சாதாரண கிட்டாரின் ஆகக் கனமான தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். பேஸில் அதே 'ஈ' தந்தி அதற்குப் பாதி, 41 ஹெர்ட்ஸ். 5 தந்தி பேஸில் இருக்கும் கீழ் 'பி' இன்னும் இறங்கி 31 ஹெர்ட்ஸுக்குப் போகும்.

அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சத்தமாகக் கொடுக்க, ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நிறைய தூரம் அசையவேண்டும். கிட்டார் ஆம்பில் உள்ள ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தத்தை ஏற்றினால் முதலில் கரகரக்கும், பிறகு கிழியும்.

லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று 'பேஸ்மேன்' ஆம்பையும் செய்தது அதே காரணத்துக்காகத்தான். ஒரு வேடிக்கை: 1950களின் பிற்பகுதியில் வந்த, 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பேஸ்மேனை பேஸ் வாசிப்பவர்களைவிட கிட்டார் வாசிப்பவர்கள்தான் அதிகம் விரும்பினார்கள். லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்பைச் செய்தபோது, அந்த பேஸ்மேனின் சுற்றைத்தான் பின்பற்றினார். ராக் கிட்டாரின் அடையாளமாகிப்போன மார்ஷல் ஒலியின் மூதாதை ஒரு பேஸ் ஆம்ப்!

பிறகு 1969இல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி வந்தது. 300 வாட்ஸ், 14 வால்வுகள், 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டிகள். அந்த வரிசையில் இப்போது வரும் வால்வு ஹெட் மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். அரங்கத்துக்கு அது சரி. மின்தூக்கிக்குள் தள்ளிக்கொண்டு போய், நான்கறை வீட்டின் படுக்கையறையில் வைக்கும் பொருள் அல்ல.

இன்று 'கிளாஸ் டி' தொழில்நுட்பத்தில் இரண்டு, மூன்று கிலோ எடையிலேயே 300, 500 வாட்ஸ் ஹெட் கிடைக்கிறது. பையில் போட்டு எம்ஆர்டியில் எடுத்துப் போகலாம்.

இரண்டு மடங்கு வாட்ஸ் என்றால் இரண்டு மடங்கு சத்தமா?

இல்லை. இங்குதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள்.

வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் ஏறியிருக்கே' என்று காது உணரும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆக, 100 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 200 வாட்ஸ் வாங்குபவருக்குக் கிடைப்பது அந்த 3 டெசிபல்.

ஸ்பீக்கரின் உணர்திறன் என்று ஓர் எண் இருக்கிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்ற கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள், விவரத்தாளில் தேடிப் பார்க்கவேண்டும். 96 டெசிபல் ஸ்பீக்கரில் 50 வாட்ஸ் கொடுப்பதும், 90 டெசிபல் ஸ்பீக்கரில் 200 வாட்ஸ் கொடுப்பதும் சத்தத்தில் ஒன்றுதான்.

அப்படியென்றால் உணர்திறன் அதிகமுள்ள ஸ்பீக்கரை எல்லாருமே போட்டுவிடலாமே? அதற்கும் ஒரு விலை உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறைய சத்தம்: மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஒலிப் பொறியாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வேண்டுமா, வாட்ஸை அள்ளிக் கொட்டவேண்டும்.

8 அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில் 41 ஹெர்ட்ஸ் உண்மையில் பெரிதாக வருவதில்லை. ஆனாலும் சுரம் புரிகிறது. அதன் மேல் அதிர்வுகளான 82, 123 ஹெர்ட்ஸைக் கேட்டு, விட்டுப்போன அடி ஒலியை மூளையே ஊகித்துக்கொள்கிறது. இளையராஜா பாட்டின் பேஸ் நடையைக் கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டாலும் நம்மால் பின்தொடர முடிவது அதனால்தான். வீட்டுப் பயிற்சிக்குச் சின்ன ஆம்ப் போதும் என்று துணிந்து சொல்வதற்கும் அதுவே காரணம்.

ஓம் கணக்கு: இதில் தவறினால் ஆம்ப் போய்விடும்

ஆம்பின் பின்பக்கத்தில் 'குறைந்தது 4 ஓம்' என்று எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி வாங்காதீர்கள்.

8 ஓம் பெட்டிகள் இரண்டை வழக்கமான முறையில் இணைத்தால் மொத்தம் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டென்றால் 2 ஓம். எண் குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டத்தைத் தள்ளவேண்டும். 4 ஓமுக்குச் செய்த டிரான்சிஸ்டர் ஆம்பில் 2 ஓம் மாட்டினால் சூடேறி நிற்கும், அல்லது எரியும்.

விளம்பர எண்ணும் இதில்தான் ஒளிந்திருக்கிறது. ஃபெண்டரின் 'ரம்பிள் 500' காம்போவைப் பாருங்கள். பெயரில் 500 இருந்தாலும், உள்ளிருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு அது கொடுப்பது 350 வாட்ஸ். வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டியை மாட்டி, மொத்தம் 4 ஓம் ஆனால்தான் 500. ஏமாற்று வேலை இல்லை, விவரத்தில் தெளிவாகவே இருக்கும். ஒப்பிடும்போது இரண்டு ஆம்புக்கும் ஒரே ஓமில் உள்ள வாட்ஸைப் பார்க்கவேண்டும், அதுதான் விஷயம்.

வால்வு ஆம்ப் என்றால் கதை வேறு. ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பாழாகும். ஸ்பீக்கரின் ஓமும், பின்பக்கத்தில் தேர்ந்தெடுத்த ஓமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

இன்னொன்று. ஹெட்டையும் பெட்டியையும் இணைக்க கிட்டார் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தைத் தாங்காது.

அண்டைவீட்டார் ஏன் பேஸைப் பற்றி மட்டும் புகார் செய்கிறார்கள்?

அவர்களுக்குக் கேட்பது பேஸ் மட்டும்தான் என்பதால்.

உயர்ந்த ஒலியைக் கான்கிரீட் சுவர் நன்றாகவே தடுக்கும். தாழ்ந்த ஒலியை அவ்வளவு தடுக்காது. அதோடு, தரையில் வைத்த ஆம்ப் தரையையே அதிரவைக்கும். கீழ்வீட்டுக்காரருக்கு உங்கள் பாட்டு கேட்காது, 'டும் டும்' மட்டும் கேட்கும்.

41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கு மேல் நீளம். நம் படுக்கையறையின் நீளம் அதில் பாதிகூட இருக்காது. அதனால் அறையே சில சுரங்களை ஊதிப் பெரிதாக்கும். 3.1 மீட்டர் நீளமுள்ள அறையில் 55 ஹெர்ட்ஸ், அதாவது வெறும் 'ஏ' தந்தி, மற்ற சுரங்களைவிட ஓங்கி முழங்கும். 'ஆம்ப் சரியில்லை' என்று நினைத்து மாற்றத் தேவையில்லை, ஆம்பின் இடத்தை மாற்றினால் போதும். மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் கூடும். மூலையிலிருந்து வெளியே இழுத்து, தடித்த நுரை அட்டையின் மீதோ நாற்காலி மீதோ வையுங்கள். காதுக்கு நேரே வருவதால் உங்களுக்கும் குறைந்த சத்தமே போதுமானதாக இருக்கும்.

நுரை அட்டை தரையதிர்வைக் குறைக்கும். காற்றில் போகும் பேஸை அது நிறுத்தாது. சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைச் சதுரங்களும் நிறுத்தாது. அதற்குச் செலவழிக்கும் காசுக்கு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கலாம். வாங்கும் ஆம்பில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீவக வீட்டுக்கு இதைவிட முக்கியமான வசதி எதுவும் இல்லை.

இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்கவேண்டும் என்பது வீவக நீண்டகாலமாகச் சொல்லிவரும் அறிவுரை. அக்கம்பக்க இரைச்சல் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று 2022இல் பரிந்துரைத்தது. பூசல் முற்றினால் சமூக சமரச நிலையம், அதற்கும் மேலே 2015 முதல் செயல்படும் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் என்று வழிகள் உண்டு. அதுவரை போகவேண்டாமே. ஆம்ப் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, நான் வாசிக்கிறேன், கேட்குதா பாருங்க" என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆம்பின் பொத்தானில் எந்த எண் வரை போகலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

மேடைக்குப் பெரிய ஆம்ப் வேண்டாமா?

இசைக்குழுவைப் பொறுத்தது. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா மெட்டல் குழுவில் கதிர் பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பவர். அதுபோன்ற இசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று தன் பேஸைத் தானே கேட்பதற்கே நல்ல சத்தம் வேண்டும்.

ஆனால் அரங்கில் இருப்பவர்களுக்குக் கேட்பது பெரும்பாலும் உங்கள் ஆம்ப் அல்ல. ஆம்பின் பின்னாலிருக்கும் 'டிஐ' வெளியீட்டிலிருந்து ஒரு கேபிள் ஒலிக் கலவை மேசைக்குப் போகும், அங்கிருந்து அரங்க ஸ்பீக்கர்களுக்கு. அப்படிப்பட்ட மேடையில் உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும்தான். ஒலிப்பதிவில் ஆம்பே இல்லாமல் நேரடியாகப் பதிவதும் சாதாரணம். ஆகவே 'டிஐ' துளை இருக்கும் நடுத்தர ஆம்ப், அது இல்லாத பெரிய ஆம்பைவிடக் கூடுதலாகப் பயன்படும்.

பழைய ஆம்ப் வாங்கும்போது

ஜாலான் புசாருக்கு அருகே இருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது பழைய ஆம்ப் பெரும்பாலும் இணையத்தில்தான் கைமாறுகிறது.

கடையில் வாங்குவதற்கும் தனிநபரிடம் வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்', கடையில் வாங்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றுப்பொருள், அது முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணத்தைத் திரும்பப் பெறுதல். ஒரு தனிநபர் இன்னொருவருக்கு விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நேரில் போய் வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். எல்லாப் பொத்தான்களையும் திருகுங்கள். லேசான கரகரப்பு தூசியாக இருக்கலாம், சுத்தம் செய்தால் போகும். கீழ் 'ஈ' தந்தியை மிதமான சத்தத்தில் நீண்ட நேரம் ஒலிக்கவிடுங்கள். காகிதம் உரசுவதுபோல் கேட்டால் ஸ்பீக்கர் காயில் கோளாறு இருக்கக்கூடும். கால் மணி நேரமாவது ஓடட்டும். சில கோளாறுகள் சூடான பிறகுதான் தலைகாட்டும்.

வோல்ட்டை மறக்காதீர்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட், ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. ஜப்பானிலிருந்து வந்த ஆம்பை மூன்று முள் மாற்றியில் செருகி இங்கே போட்டால் அது ஒரே ஒருமுறைதான் எரியும். மாற்றி முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பின்பக்கத்தில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும், அதன் விலையையும் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதை நாமே மாற்றலாம்?

ஜாலான் புசார் 10ஆம் எண் கட்டடமான சிம் லிம் டவர், மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். கேபிள், இணைப்பான், மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மர் என்று தேடுபவர்கள் இன்றும் ஏறும் படி அது.

காசுக்கு ஏற்ற பலன் தரும் மாற்றம் ஸ்பீக்கர்தான். ஆனால் 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்று அளவை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 'தீல்-ஸ்மால்' எண்கள் உண்டு. நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரின் ஆய்வுகளில் பிறந்தவை. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு பெரிய பெட்டியில் ஒழுங்காக வேலை செய்யும் என்பதை அவை சொல்லும். பொருந்தாத பெட்டியில் விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டால் பழையதைவிட மோசமாகக்கூட ஒலிக்கலாம். ஓமும் பழையதோடு ஒத்துப்போகவேண்டும்.

வால்வு ஆம்பில் முன்நிலை வால்வு ஒன்றை அதே வகை வால்வாக மாற்றுவது எளிது. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, உருவி, செருகவேண்டியதுதான். வெளியீட்டு வால்வுகளைப் பெரும்பாலான ஆம்புகளில் அப்படி மாற்ற முடியாது. 'பயாஸ்' சரிசெய்யவேண்டும், அதற்குத் தொழில்நுட்பர் தேவை.

சுற்றைத் திறப்பது பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். பேஸ் வால்வு ஆம்புகளுக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லும். காணொளியைப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விடுகிற வேலை இது இல்லை.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கிறது என்பதற்காகச் சிலர் மின்செருகியின் புவி இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த 230 வோல்ட் கேபிள் வழியாக உங்கள் தந்திகளுக்கு வரும். மேடையில் மைக்கில் உதடு படும்போது சுர்ரென்று அடித்தால் உடனே நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். பழைய ஆம்ப் வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் இப்படிச் செய்திருக்கிறாரா என்று அந்த மூன்று முள் மின்செருகியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். தொழில்நுட்பருக்கு ஐந்து நிமிட வேலை.